ஞாயிற்றுக்கிழமை அலை

மூக்கறுத்தான் பாரில் அந்த மஞ்சள் போயாவைக் கொண்டுவந்து போட்டது தை மாதம். இரண்டு ஆள் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும், அவ்வளவு பெரிய மிதவை உருண்டை. தலையில் ஒரு விளக்கு, ஒரு கம்பி. அடியில் ரப்பர் கயிறும் சங்கிலியும் இறங்கி, கடல் தரையில் கிடக்கிற ஓர் இரும்புக் கட்டியோடு சேரும். அலை எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அது அரை மணிக்கு ஒரு தடவை சொல்லும் என்றார்கள். யாரிடம் சொல்லும், எதற்குச் சொல்லும் என்பதுதான் என் கேள்வி.

பார் என்பது கடலுக்குள் இருக்கிற பாறைத் தரை. மீன் வந்து நிற்கிற இடம். திரேஸ்புரத்திலிருந்து துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டித் தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். முயல்தீவு விளக்கும் அனல்மின் நிலையத்தின் கடைசிப் புகைபோக்கியும் ஒரே நேரில் வரும்போது எஞ்சினை அணைத்தால், கீழே மூக்கறுத்தான் இருப்பான். அவனிடம் முத்தும் கிடையாது, சங்கும் கிடையாது. விளமீன் உண்டு, களவாய் உண்டு. சங்கு குளித்து என் இடது காது செத்துப்போன பிறகு, இருபத்தெட்டு வருசமாக நான் தனி ஆளாக வள்ளம் கொண்டுபோய்த் தூண்டில் போடுகிற இடம் அதுதான். எழுபத்தொரு வயசில் என்னைப் பெரிய போட்டில் எவனும் ஏற்ற மாட்டான். வலை இழுக்கத் தோளும் இல்லை. மூக்கறுத்தான் போனால் நான் கரையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

போயா போடுவதற்கு முன்னால் ஊர்க்கமிட்டியில் கூட்டம் வைத்தார்கள். சென்னையிலிருந்து ஓர் ஆபீசர் அம்மா வந்திருந்தாள். அலர்மேல்மங்கை என்று பேர். நாற்பத்தைந்து வயசு இருக்கும், சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அவ்வளவு நீளப் பேர் என் வாயில் நிற்காது. மங்கையம்மா என்பேன்.

"அலையில இருந்து கரண்டு எடுக்க முடியுமான்னு பார்க்கப் போறோம். மணப்பாடு பக்கம் ஒண்ணு, குலசேகரன்பட்டினம் பக்கம் ஒண்ணு, இங்க ஒண்ணு, மூணு மிதவை போடுறோம். ஒரு வருசம் அளப்போம். எங்க அலைக்குச் சத்து அதிகமோ அங்க மிஷின் போடச் சொல்லி எழுதுவோம்" என்றாள்.

நான் எழுந்தேன். "மிஷின் போட்ட பொறவு அங்கன தொழில் பாக்கலாமா?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "மிஷினைச் சுத்தி அரை கிலோமீட்டருக்கு யாரும் வர முடியாது அண்ணாச்சி."

"அப்போ நம்ம சோலி முடிஞ்சு."

"இங்க வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. இலங்கை குறுக்க மறைச்சு நிக்குது. பெரிய அலையெல்லாம் தெக்கதான்."

"கம்மின்னு தெரிஞ்சா எதுக்கு அளக்கிய?"

"கம்மின்னு காட்டுறதுக்குத்தான்."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அளந்துவிட்டுச் சும்மா போனவர்களை நான் பார்த்ததில்லை. தீவுகளை அளந்தார்கள், தீவுப் பக்கம் வராதே என்றார்கள். கரையை அளந்தார்கள், கல்லைக் கொட்டினார்கள். இப்போது அலையை அளக்க வந்திருக்கிறார்கள்.

கடைசியில் கமிட்டித் தலைவர் அமலன் ஒரு தீர்மானம் வாசித்தான். போயாவில் யாரும் வள்ளத்தைக் கட்டக்கூடாது. கட்டினால் பத்து நாள் தொழிலுக்குப் போகக்கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் எழுத்துக்கூட்டிப் போட்டேன், ஜேசுதாசன் என்று. அந்த அளவுக்கு எனக்கு எழுத வரும்.

போயா இறங்கிய மூன்றாம் நாளே அதில் வள்ளத்தைக் கட்டினேன்.

நங்கூரம் ஒரு காரணம். பாரில் நங்கூரம் போட்டால் பாதி நாள் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். முன்பானால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்துவிடுவேன். இப்போது கயிற்றை அறுத்துவிட்டு வர வேண்டியதுதான். ஆனால் அது சின்னக் காரணம். அந்த உருண்டை எவ்வளவு குதிக்கிறதோ அவ்வளவு சத்து என்று எழுதப்போகிறார்கள், இல்லையா? அதோடு என் வள்ளத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டால் அது எப்படிக் குதிக்கும்? அவ்வளவு கனத்தையும் இழுத்துக்கொண்டு அடங்கித்தானே கிடக்கும்? அலைக்குச் சத்து இல்லை என்று எழுதிவிட்டு ஆபீஸ்காரர்கள் போய்விடுவார்கள். படிக்காதவன் போட்ட கணக்கு என்றாலும் அதில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

நாலரைக்குக் கிளம்புவேன். ஆறு மணிக்குப் பாருக்குப் போய்விடுவேன். இரு கையையும் விரித்து அளந்து இரண்டு பாகம் கயிறு விட்டு, இறுக்கமாகக் கட்டுவேன். எட்டு மணிக்கு அவிழ்த்துவிட்டுத் திரும்புவேன். போயாவின் நிழலுக்கு மீனும் கூடியது. நான் கட்டுவதை, அவ்வப்போது அங்கே தூண்டில் போட வருகிற பவுல் ஒரு நாள் பார்த்துவிட்டான். அவனும் கட்டுவதற்குத்தான் வந்திருந்தான். நான் முந்திக்கொண்டேன் என்று முறைத்துவிட்டுப் போனான். அதனால் அவன் யாரிடமும் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

என் பெண்டாட்டி எமில்டாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் சொன்னால் மாதா கெபியிலிருந்து மீன்சந்தை வரைக்கும் சொன்ன மாதிரி.

இப்படி ஒன்பது மாதம் போனது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தலைகாட்டிய சமயம், ஒரு சாயங்காலம் மங்கையம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூட வேல்ராஜ். போயாவைக் கழுவிச் சரிபார்க்கிறவன் அவன்தான், கோவில்பட்டிக்காரன். எமில்டா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"எந்த ஊரும்மா?"

"ஆழ்வார்திருநகரி."

"அப்போ நம்ம ஆத்துத் தண்ணி குடிச்ச புள்ளதான். சீனி போதுமா பாரு."

மங்கையம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "மூக்கறுத்தான்ல தினமும் தொழில் பாக்குறது நீங்கதானாமே. அமலன் சொன்னார். ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க. தெரிஞ்சா சொல்லுதேன்." தெரிந்தாலும் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை.

"அங்க காலையில ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் அலை எப்படி இருக்கும்?"

"காலைல என்னத்த அலை? கரைக்காத்துல்லா அடிக்கும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்த விட்டுருங்க, மத்த நாள்ல எண்ணெய் ஊத்துன மாதிரி கெடக்கும்."

அவளும் வேல்ராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மிதவை அப்படிச் சொல்லலையே" என்றாள். "காலையில ஆறு மணிக்கு அலை எந்திரிக்குது. ஒன்றரை மீட்டர் வரைக்கும் போகுது. எட்டு மணிக்குப் பொட்டுனு அடங்கிருது. அப்புறம் மத்தியானம் கடற்காத்து வந்தாத்தான் மறுபடி."

"என்ன சொன்னிய? கூடுதா, கொறையுதா?"

"கூடுது அண்ணாச்சி. ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. அலை உசரம் ரெண்டு மடங்கானா சத்து நாலு மடங்கு. ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். துறைமுகம் பக்கத்துலேயே இருக்கு, கேபிள் இழுக்கத் தூரம் இல்ல. மணப்பாடு எதுக்கு, இங்கயே மிஷினைப் போட்டுரலாம்ங்கிறாங்க."

"நீங்க என்ன சொல்லுதிய?"

"எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா நம்பிக்கை இல்லன்னு மட்டும் எழுத முடியாது, காரணம் எழுதணும். ஒரு வருசம் முடியுறதுக்கு முன்னாலயே, வர்ற வெள்ளிக்கிழமை அறிக்கை கேக்குறாங்க. மிதவை கெட்டுப்போச்சான்னு வேல்ராஜ் ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்கு. கப்பல் போற அலையான்னு பாத்தோம். கப்பல் வர்ற நேரமும் இதுவும் ஒத்து வரல."

வேல்ராஜ் நடுவில் புகுந்தான். "இதுல ஒரு கூத்து கேளுங்க அண்ணாச்சி. அந்த அலை ஞாயித்துக்கிழமை மட்டும் வாரதில்ல."

"எது?"

"அந்தக் காலை அலைதான். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் டாண்ணு ஆறு மணிக்கு வருது. ஞாயித்துக்கிழமைன்னா லீவு."

எமில்டா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கடலும் பூசைக்குப் போகுதாக்கும்!"

அவர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவனும் கடலில் கால் வைக்க மாட்டான். எனக்கு எவர் மேலும் நம்பிக்கை கிடையாது, சாமியார் மேலும் கிடையாது. ஆனால் அந்த ஒரு நாள் வள்ளத்தைத் தொட்டதில்லை.

"அந்த உருண்டை குதிக்கிறதத்தான அளக்குது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"குதிக்கிற உசரத்தை நேரா அளக்காது அண்ணாச்சி. அதை எவ்வளவு வேகமா தூக்குது, எவ்வளவு வேகமா இறக்குதுன்னு உணர உள்ள ஒரு கருவி இருக்கு. அதை வெச்சு உசரத்தைக் கணக்குப் போடும். அதனாலதான் தன்னந்தனியா மிதக்கணும். யாராவது பிடிச்சு வெடுக்குனு இழுத்தா, அந்த இழுப்பையும் அலைன்னே எடுத்துக்கும்."

வள்ளம் ஒரு பக்கம் போகும். உருண்டை ஒரு பக்கம் போகும். கயிறு தொய்யும். பிறகு விண்ணென்று இழுபடும். அந்த வெட்டை ஒன்பது மாதமாக நான் இடுப்பில் வாங்கியிருக்கிறேன். அத்தனையும் அலையாகிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிஷினை வரவிடாமல் செய்யத்தான் கட்டினேன். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது நான்தான் என்று ஆகிவிட்டது.

அவர்கள் எழுந்தார்கள். வாசலில் ஜீப் நின்றது. சொன்னால் பத்து நாள் கரையில் கிடக்க வேண்டும். அதுவும் விளமீன் ஏறுகிற சமயத்தில். அமலன் முன்னால் போய் நிற்க வேண்டும், என் வயசில் பாதி அவன். சொல்லாமல், நாளையிலிருந்து கட்டாமல் விட்டுவிட்டால்? அறிக்கை வெள்ளிக்கிழமை. இனி கட்டினாலும் ஒன்றுதான், கட்டாவிட்டாலும் ஒன்றுதான். வேல்ராஜ் வண்டியைத் திருப்பிவிட்டான்.

நான் தெருவில் இறங்கி ஜீப்புக்கு முன்னால் கையைக் காட்டினேன்.

"அந்த அலை நான்தான்" என்றேன்.

மங்கையம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "என்ன அண்ணாச்சி?"

"நான் வள்ளத்த அதுல கட்டுதேன். தெனமும். ஆறுல இருந்து எட்டு வரைக்கும். ஞாயித்துக்கிழம பூசைக்குப் போயிருவேன்."

வேல்ராஜ் எஞ்சினை அணைத்தான். "எதுல கட்டுவிய? வள்ளம் கட்டக்கூடாதுன்னு போர்டே போட்டிருக்கோம்!"

"அந்தப் போர்டுக்குக் கீழ ஒரு வளையம் இருக்குல்லா, அதுல."

"அது கிரேன்ல தூக்குறதுக்கு உள்ள வளையம் ஓய்!"

"கட்டுறதுக்கும் தோதாத்தான் இருக்கு."

எமில்டா வாசலில் நின்று தலையில் கை வைத்தாள். "ஐயோ மாதாவே. கையெழுத்துப் போட்டு வந்தியளே!"

மங்கையம்மா இறங்கித் திரும்ப உள்ளே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, இதை நம்புறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"ஏன்? நானேல்லா சொல்லுதேன்."

"அதனாலதான். முதல் கூட்டத்துலயே மிஷின் வேண்டாம்னு எந்திரிச்சு நின்னது நீங்க. இன்னைக்கு மிஷின் வரப்போகுதுன்னு நானே வந்து சொன்னேன். ஞாயித்துக்கிழமைக் கதையை இவர் சொன்னார். இழுத்தா கணக்கு கூடும்னு நான் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல அது நான்தான்ங்கிறீங்க. இதை ஆபீஸ்ல சொன்னா, கெழவர் தன்னோட இடத்தைக் காப்பாத்தப் பொய் சொல்றார்னு சிரிப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இதைவிட மோசமாகவே சொல்லியிருப்பேன்.

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தாள். திரையை என் பக்கம் காட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை இல்லாம, நீங்க கடலுக்குப் போகாத நாளைச் சொல்லுங்க. அன்னைக்கு அலை இல்லாம இருக்கான்னு பாக்கேன்."

"பெரிய வெள்ளி."

"ம். அலை இல்ல."

"பனிமய மாதா கோயில் கொடியேத்தம். அப்பொறம் திருநாள் அன்னைக்கு. ஆகஸ்ட் அஞ்சு."

"ரெண்டு நாளும் இல்ல."

வேல்ராஜ் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் ஊருக்கே லீவு மேடம். காலண்டரப் பாத்தாலே தெரியும். இவரு ஊகிச்சுகூடச் சொல்லலாம்."

"ஆமா. ஊருக்குப் பொதுவான நாள் வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கு மட்டும் உள்ள நாள் ஏதாவது சொல்லுங்க."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது எமில்டா முந்திக்கொண்டாள். "என் கண்ணு ஆபரேசன்! செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கெழம. முந்தின நாளே ஆஸ்பத்திரி பெட்ல சேத்துட்டாவ. இவிய அன்னைக்குக் கடலுக்கே போகல. எனக்காக விடியக்காலத்துல இருந்து கோயில்ல முழங்கால்ல நின்னாவ. ஆபரேசன் முடிஞ்ச பொறவுதான் வந்தாவ. பாரும்மா, ஒம்பதாந் தேதியப் பாரு."

மங்கையம்மா தட்டினாள். பார்த்தாள். இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"அலை இருக்கே அண்ணாச்சி. ஆறே காலுக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு முடியுது."

"பொறவென்ன, ஒத்து வரல மேடம். வாங்க போவோம்" என்று வேல்ராஜ் எழுந்தான். அவள் லேப்டாப்பை மூடினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏமாந்துபோன முகமாக இருந்தது.

மூக்கறுத்தான் போகிறது. அரை கிலோமீட்டர் வட்டத்துக்குள் என் வள்ளம் இனிப் போகாது. அதைப் பிடித்து நிறுத்த என்னிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அது எமில்டாவுக்கு முன்னால் சொல்ல முடியாத வார்த்தை.

"உக்காருங்க. ஒத்துத்தான் வருது. நான் அன்னைக்குப் போயிருந்தேன்" என்றேன்.

எமில்டா திரும்பினாள். "எங்க போயிருந்திய?"

"பாருக்கு."

"கோயிலு?"

"திரும்பி வாரப்போ எட்டிப் பாத்தேன்."

"எட்டிப் பாத்தியளா! அப்போ முழங்கால்ல நின்னது?"

"வள்ளத்துலயும் முழங்கால்லதான இருப்பேன்."

வேல்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எமில்டாவின் சத்தம் தெரு முனைக்குக் கேட்டிருக்கும். "அன்னைக்கு என் கையப் பிடிச்சப்போ மீன் வாட அடிச்சுதே! ஒரு கண்ணுல கட்டுப் போட்டுக் கெடந்தாலும் மூக்கு நல்லாத்தான இருந்துச்சு! கேட்டேனே! என்ன சொன்னிய? கோயில் வாசல்ல மீன்காரி சீனித்தாயிக்குக் கூடை தூக்கிவிட்டேன்னு சொன்னியளே! நானும் அவளப் பாக்குற எடத்துலல்லாம் எங்க வீட்டு மனுசன் ஒனக்கு ஒத்தாச பண்ணுச்சாமேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே! அதான் அவ என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா!"

"டாக்டர் பத்து நிமிச வேலைன்னு சொன்னாரு. அங்கன நின்னு நான் என்ன செய்ய? ஆறு களவா கெடச்சுது அன்னைக்கு."

"களவா! ஏங்கண்ணு இருட்டிக் கெடக்கு, இவியளுக்குக் களவா!"

மங்கையம்மா மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கூட்டத்தில் சிரித்த சிரிப்பு இல்லை அது.

"போதும் அண்ணாச்சி. நம்புறேன். இடத்துக்காகப் பொய் சொல்றவர், ஒத்து வரலைன்னதும் வேற நாளைத் தேடியிருப்பார். அம்மாகிட்ட இப்படி மாட்டிக்க மாட்டார்."

"நீங்க நம்புனா ஆபீஸ் நம்புமா?"

"அதுக்கு எண் வேணும். நாளைக்கு என்னைப் பாருக்குக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் ஆறு மணிக்கு மூன்று பேரும் மூக்கறுத்தானில் இருந்தோம். வாடை இன்னும் முழுசாக எழும்பவில்லை. கடல் தகடு மாதிரி கிடந்தது. தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கொண்டு மூன்று கப்பல்கள் நின்றன. வேல்ராஜின் மடியில் ஒரு பெட்டி இருந்தது, போயா சொல்வதை அது வாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் கட்டாமல் சும்மா மிதந்தோம். அந்த உருண்டை தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி மெதுவாக ஏறி இறங்கியது.

"நாப்பது சென்டி" என்றான் வேல்ராஜ்.

பிறகு வழக்கம்போலக் கட்டினேன். இரண்டு பாகம். வழக்கமான வெட்டு வந்தது. மங்கையம்மா வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் தூண்டிலை இறக்கினேன். வந்த நேரத்தை எதற்கு வீணாக்க வேண்டும்?

"நங்கூரத்துக்காகத்தான் கட்டினீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"அதுவும்தான். கட்டுனா கனத்துல அது அடங்கிக் கெடக்கும், சத்து இல்லன்னு எழுதிருவியன்னு நெனச்சேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வருகிறதோ என்று முதலில் பயந்துவிட்டேன்.

"நீங்க சும்மா இருந்திருந்தா இந்த அறிக்கையிலேயே சத்து இல்லைன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நீங்க சும்மா போவியன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அதுவும் சரிதான்" என்றாள்.

"ஒரு மீட்டர் இருபது சென்டி" என்றான் வேல்ராஜ்.

அவிழ்த்துவிட்டு இன்னொரு அரை மணி இருந்தோம். நாற்பத்திரண்டு சென்டி. அவள் ஒரு நோட்டில் மூன்று எண்ணையும் எழுதி, பக்கத்தில் நேரம் போட்டாள். அந்த வளையத்தில் என் கயிறு உரசி மஞ்சள் பெயின்ட் போய் வெள்ளைத் தடமாக இருந்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கரைக்கு வந்ததும் நான் சொன்னதையெல்லாம் தாளில் எழுதி வாசித்துக் காட்டினாள். வாசித்தது ஒன்று, எழுதியது ஒன்றாக இருந்துவிடக் கூடாதே. தாளைத் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பத்தாம் வகுப்பு படித்த எதிர்வீட்டு விஜிலாவிடம் கொடுத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். மங்கையம்மா அதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

காலை நேரத்துக் கணக்கை எல்லாம் தள்ளிவிட்டு, தை வரைக்கும் இன்னும் மூன்று மாதம் அளக்க வேண்டும் என்று ஆபீஸ் சொல்லிவிட்டதாம். கமிட்டி எனக்குப் பத்து நாள் விதித்தது. அமலன் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை வாசித்தான். எனக்கு ஒரு காது கேட்காது என்பதற்காக என்றான். எமில்டா முதல் நாலு நாள் என்னிடம் பேசவில்லை. மீதி ஆறு நாள் பேசினாள். அந்த நாலு நாளே தேவலை. பத்தாவது நாள் என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், அன்றைக்கு நிற்காத முழங்காலை நிற்க வைத்துவிட்டுத்தான் விட்டாள். திரும்பும்போது வாசலில் சீனித்தாய் இருந்தாள். "இன்னைக்காவது கூடையத் தூக்கி விடுதியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். தூக்கிவிட்டேன்.

பதினோராம் நாள் பாருக்குப் போனால் போயாவில் பவுல் வள்ளத்தைக் கட்டிக்கொண்டு சுகமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே பவுலு! கயித்த அவுருலே!"

"நீரு ஒம்பது மாசம் கட்டுனீரு. நான் ஒம்பது நாள் கட்டக்கூடாதா?"

"நீ கட்டுனா மிஷின் வரும்லே மூதி! நம்ம ரெண்டு பேரு பொழப்புலயும் மண்ணு விழும்!"

விசயத்தைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி ஆனது. புரிந்ததும் பீடியைக் கடலில் எறிந்துவிட்டு அவிழ்த்தான். அதிலிருந்து தை வரைக்கும் அந்த உருண்டைக்குப் பக்கத்தில் வேறு வள்ளம் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கத்துவோம். நான் ஐம்பது பாகம் தள்ளி நங்கூரம் போட்டேன். அந்த மூன்று மாதத்தில் நாலு நங்கூரம் பாறைக்குப் போனது.

தை கடைசியில் போயாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து மங்கையம்மா போன் பண்ணினாள்.

"அண்ணாச்சி, அறிக்கை போயிருச்சு. உங்க பார்ல அலைக்குச் சத்து கிடையாது. மூணுல கடைசி. மிஷின் வராது."

வராது என்றதும் கையிலிருந்த தூண்டில் கயிற்றைக் கீழே வைத்தேன். மூச்சு நன்றாக இறங்கியது. அது இறங்கி முடிந்த பிறகு வேறொன்று ஏறியது.

"எதுக்குச் சத்து கெடையாது? மூக்கறுத்தானுக்கா? கச்சான் மாசத்துல வந்து பாத்தியளா? ரெண்டு வள்ளத்தக் கவுத்துப் போட்ட கடல் அது. நம்ம தெரு சோசப்பு செத்தது அதுலதான்!"

"கரண்டுக்கு உள்ள சத்தைச் சொன்னேன் அண்ணாச்சி" என்று சிரித்தாள்.

"அப்படி வெவரமா எழுதுங்க. சும்மா சத்து இல்லன்னு எழுதாதிய."

"எழுதுறேன்."

"அப்போ மிஷின் எங்கன போகுது?"

"மணப்பாட்டுக்குச் சொல்லியிருக்கு."

"அங்கனயும் எவனாவது தூண்டில் போட்டுட்டு இருப்பாம்லா?"

"இருப்பாங்க. அடுத்த வாரம் அவங்களைப் பார்க்கத்தான் போறேன்."

"கூட்டத்துல கடைசியில ஒருத்தன் மொறச்சுக்கிட்டு நிப்பான். அவன்ட்ட மொதல்ல பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் பாருக்குப் போனேன். விளக்கும் புகைபோக்கியும் ஒரே நேரில் வந்தன. மஞ்சள் உருண்டை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எஞ்சினை அணைத்து நங்கூரத்தை இறக்கினேன். எட்டு மணிக்கு இழுத்துப் பார்த்தால் வரவில்லை. மேற்கே இழுத்தேன், கிழக்கே இழுத்தேன். மூக்கறுத்தான் விடவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு, பதினோரு விளமீனோடு கரைக்கு வந்தேன்.